டெனிஸின் கிளாசில் மணத்த புகை

டெனிஸ் கிளாசைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, உள்ளே ஏதோ பூச்சி விழுந்து கிடப்பதுபோலப் பார்த்தார். மறுபடியும் மூக்குக்குக் கிட்ட. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்தவர். கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

“ஜெசி, இதை ஒருக்கா மணந்து பாரும்.”

வாங்கி மணந்து பார்த்தேன்.

“புகை மணக்குதோ?”

“இல்லையே, மிஸ்டர் டெனிஸ்.”

“வடிவா மணந்து பாரும்.”

வடிவாகத்தான், நன்றாக இழுத்து மணந்தேன். வறுத்த தானியத்தின் மணமும் ஈரப் பீப்பாவின் மணமும் வந்தன. புகை வரவில்லை. “பியர்தான் மணக்குது,” என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் குடித்து முடித்தார். வெறும் கிளாசைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, “நன்றி,” என்று சொல்லிப் போனார்.

டெனிஸ் எங்கள் கடையில் ஒருநாளும் நன்றி சொல்லிப் போனவர் இல்லை. குறை சொல்லிப் போகிறவர்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கடைக்குள் மழைவெள்ளம் வந்த கதையை எழுதியிருந்தேன். மோர்டனிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டு, “பிள்ளை, நீர் நல்லாத்தான் எழுதுறீர். ஆனா எல்லாக் கதையும் குடிக்குள்ளயே போய் முடியுதே,” என்று கவலைப்பட்டார். நான் என்ன செய்ய? இருபத்தைந்து வருடமாக லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பப் நடத்துகிறவளின் நினைவுகள் பால் பண்ணையிலா போய் முடியும்? இந்த வாரமும் குடிதான். அந்த அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. டெனிஸ் அயர்லாந்துக்காரர். கோர்க் பக்கத்து ஆங்கிலம் பேசுகிறவர். ஆனால் இத்தனை வருடம் அவர் சொன்னதையெல்லாம் வீட்டுக்குப் போய்த் தமிழில் திருப்பிச் சொல்லிச் சொல்லி, இப்போது என் நினைவில் அவர் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

தவறணைக்காரி

இந்தக் கடைக்கு நாங்கள் வந்த கதையைக் கேட்டால் இன்றைக்கும் என் மச்சாள்மார் முகத்தைத் திருப்புவார்கள்.

என் கணவர் யாழ்ப்பாணம், சைவம். நான் மன்னார், கத்தோலிக்க வேதம். எங்கள் கல்யாணத்துக்கே இரண்டு பக்கமும் வராமல் விட்டவர்கள் பலர். அந்தக் கோபம் ஒருவழியாக ஆறி, ஆட்கள் வந்துபோகத் தொடங்கிய நேரம் பார்த்து இவர் பப் எடுக்கிறேன் என்று நின்றார். பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்து அலுத்துப்போயிருந்தார். பழைய ஐரிஷ் முதலாளி வயதாகிவிட்டது என்று கடையை விட்டுக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“படிச்ச குடும்பம், போயும் போயும் தவறணை நடத்தப் போகினமாம்.” இது இவருடைய பெரியக்கா. கள்ளுத் தவறணை அவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலியால் எட்டிப் பார்த்த நினைவு. அன்றிலிருந்து உறவுக்குள் என் பெயர் தவறணைக்காரி.

சிரிப்பு என்னவென்றால், தவறணைக்காரனும் குடிக்க மாட்டான், தவறணைக்காரியும் குடிக்க மாட்டாள். இவர் சைவச் சாப்பாட்டுக்காரர், கந்தசஷ்டி விரதம் தவறாதவர். நான் என் அப்பாவின் குடியைக் கண்டு வளர்ந்தவள். ஒரு நாள் அம்மா எங்கள் நாலு பேரையும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் விட்டு, வாயில் வைக்க மாட்டோம் என்று சொல்ல வைத்தார். சொன்னதைக் காப்பாற்றினேன். பியரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் கண்ணாலும் காதாலும் தெரிந்தது. நிறம் பார்ப்பேன், நுரை பார்ப்பேன், குடிப்பவர் முகத்தைப் பார்ப்பேன். வியாபாரத்துக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பப் என்றாலும் இவருக்கு அது கடைதான். கடை என்றால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டத்தான் வேண்டும். திறப்பதற்கு முன், காலையிலேயே, சிரட்டைக் கரி மூட்டி, தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாப்பெட்டி, கதவு நிலை, குசினி, கீழ்நிலவறை என்று ஒரு சுற்று வருவார். மேலே யன்னல்களைத் திறந்துவிட்டால் மத்தியானத்துக்குள் மணம் போய்விடும். ஆட்களுக்குத் தெரியாது. நிலவறையில் இருக்கும் அலாரம் சூட்டுக்குத்தான் கத்தும், புகைக்குக் கத்தாது என்பதை இவர் முதல் மாதமே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நான் சுவரில் மாட்டிய சிலுவைக்கும் ஒரு தரம் காட்டச் சொல்வேன். காட்டுவார். எங்கள் வீட்டுச் சமயச் சண்டை அவ்வளவுதான்.

பூசை முடிந்தால் சிவப்பு

டெனிஸ் குடிப்பது ஐரிஷ் சிவப்பு ஏல், ஒரு வகை பியர். வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல சாயம் போட்ட பிளேன்ரீயின், அதாவது பால் விடாத தேத்தண்ணியின், நிறம். மேலே மெல்லிய நுரை. முதலில் கொஞ்சம் இனிப்பாம், கடைசியில் நாக்கின் அடியில் வறுத்த தானியத்தின் கைப்பாம். “ஆம்” போடுகிறேன், ஏனென்றால் அன்றுவரை கேட்டதுதான்.

டெனிஸ் வாலிபத்தில் லண்டனுக்கு வந்தவர். நிலத்துக்குக் கீழே குழாய் பதிக்கிற வேலை. அந்த நாளில் ஞாயிறு பூசை முடிந்தால் இந்தக் கடையில் கால் வைக்க இடம் இருக்காதாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிவப்பு கிளாஸ்தானாம். வேறு எதையாவது கேட்டால், “சுகமில்லையோ?” என்று விசாரிப்பார்களாம்.

நாங்கள் எடுத்த நேரம் அந்தக் கூட்டத்தில் ஒரு மேசை மட்டும் மிச்சம் இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் குளிரக் குளிர லாகர் பியர் குடித்தார்கள். கறுப்பு ஸ்ரவுட் பியருக்கு எங்கிருந்தோ ஒரு மவுசு வந்தது. அயர்லாந்துக்கு ஒருதரமும் போகாதவர்கள்கூட மார்ச் மாதத்து ஐரிஷ் திருநாளில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து அதைக் கேட்டார்கள். சிவப்பு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இளசுகள் யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் சிநேகிதர்கள், “அது உன்ர பாட்டன்ர குடி,” என்று நக்கலடிப்பார்கள்.

மேசை மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருவர் மகளோடு போனார். சிலர் மண்ணுக்குள் போனார்கள். அந்தச் செத்தவீடுகளுக்கெல்லாம் இவரும் நானும் போனோம். முடிவில் டெனிஸ் தனியாக இருந்தார்.

ஒரு ஆளுக்காக ஒரு பீப்பா திறந்து வைப்பது எந்தக் கடைக்கும் கட்டாது. ஆனால் இவர் அதை நிறுத்த விடவில்லை. “அந்த மனுசன் இருக்கும்மட்டும் இருக்கட்டும்,” என்றார். கடைசியில் அதை வடிக்கிற கம்பனியே நிறுத்திவிட்டது. விற்பனை இல்லையாம்.

டெனிஸிடம் அதை யார் சொல்வது என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். நான்தான் சொன்னேன். அவர் சொன்னது, “எனக்கு முன்னம் அது போயிட்டுது.”

கண்ணாடி போட்ட நரி

அப்போதுதான் ஹனா வந்தாள். ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு வளைவுக்குள் சின்னப் பட்டறை வைத்து பியர் வடிக்கிற பெண். கைகளில் பச்சை குத்தியிருப்பாள், பெரிய பூட்ஸ் போட்டிருப்பாள், நிலவறைக்குள் இறங்கினால் இவரைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய தாத்தா ஐரிஷ்காரராம். பழைய முறையில் ஐரிஷ் சிவப்பு ஏல் வடிக்கிறேன், ஒரு பீப்பா போட்டுப் பாருங்கள் என்றாள்.

அவளுடைய பீப்பாவின் பெயர்ப்பலகையில் ஒரு சிவப்பு நரி. நரி மூக்குக்கண்ணாடி போட்டுப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. பழைய கம்பனியின் பலகையில் ஒரு தேவாலயக் கோபுரம் இருக்கும்.

இவருக்கு அவள் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பழையது மூடிய இரும்புப் பீப்பா. வாயு தள்ளிக் கொடுக்கும், வெளிக்காற்று ஒரு சொட்டும் உள்ளே போகாது. இது அப்படியில்லை. மேலே ஒரு துவாரம், அதில் ஒரு சின்ன மரமுளை. மேலே கடையில் கைப்பம்பை இழுக்க இழுக்க, எவ்வளவு பியர் வெளியே போகிறதோ அவ்வளவு காற்று உள்ளே போகும். “இது உயிருள்ள சாமான். மூச்சு விடும்,” என்றாள். இவர் பயபக்தியோடு தலையாட்டினார். திறந்தால் நாலைந்து நாளுக்குள் முடிக்க வேண்டும். வியாழக்கிழமை திறப்பது என்று முடிவானது, வாரக் கடைசிக்கு வசதியாக.

முதல் வியாழன் டெனிஸை வரச்சொல்லியிருந்தோம். வந்தார். பலகையைப் பார்த்தார்.

“நரிக்கு ஏன் கண்ணாடி?”

ஹனா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு மிடறு குடித்தார், கண்ணை மூடினார். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள்போல நின்றோம்.

“குறை சொல்ல ஒண்டும் இல்லை,” என்றார். உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டு, “அதுதான் குறை.”

பிறகு நடந்ததுதான் எங்களுக்கு விளங்கவில்லை. பாட்டன் குடி என்று சிரித்த அதே வயதுப் பிள்ளைகள், தாடி வைத்தவர்கள், சைக்கிள் தொப்பியோடு வருகிறவர்கள், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நரி தேடி வரத் தொடங்கினார்கள். கிளாசை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தார்கள். டெனிஸ் இளமையில் வேலையாள் சட்டையோடு நின்று குடித்ததை இவர்கள் பழம்பெரும் பொருள் பார்ப்பதுபோல் பார்த்துக் குடித்தார்கள். டெனிஸ் அந்தக் கூட்டத்தில் வருவதில்லை. வியாழன் பின்னேரம் ஒன்று, ஞாயிறு பூசை முடிந்து ஒன்று. அதுதான் அவருடைய கணக்கு.

ஞாயிறு மட்டும்

முதலில் சொன்ன அந்த ஞாயிறு, நரிப் பீப்பா திறந்த முதல் வியாழனுக்கு அடுத்து வந்த ஞாயிறு.

அடுத்த ஞாயிறும் கிளாசை மணந்தார். கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். வியாழக்கிழமைகளில் ஒன்றும் இல்லை, ஆள் பழைய டெனிஸ். கதிரை ஆடுகிறது, கிறிஸ்ப்ஸ் உப்பில்லை, கவுன்சில் குப்பை எடுக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் ஏசுவார். ஞாயிறு வந்தால் ஊமை.

இவர் ஹனாவைக் கூப்பிட்டார். அவள் ஒரு வியாழக்கிழமை வந்தாள். டெனிஸும் இருந்தார். அப்போதுதான் திறந்த பீப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். மணந்தாள், வாயில் வைத்து உருட்டினாள், நாக்கைச் சப்பிப் பார்த்தாள்.

“புகை இல்லை. ஒரு பழுதும் இல்லை, டெனிஸ்.”

“இண்டைக்கு இல்லைத்தான்,” என்றார் அவர், மிக மெதுவாக.

அதன் பிறகு அவர் எங்களிடம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. நாங்களும் வயதான மனுசன், பழைய ருசியை மறக்க ஏலாமல் நிற்கிறார் என்று எங்களுக்குள் சொல்லி முடித்துவிட்டோம்.

நான் ஒரு கல்யாணத்துக்குப் பாரிசுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வேதக் கோவில் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். டெனிஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஜெசி, உமக்கொரு விசயம் சொல்லுறன். உம்மட மனுசனுக்குச் சொல்லாதையும், அவர் பாவம், அந்தரப்படுவார்.”

“சொல்லுங்கோ.”

“என்ர அண்ணை செத்தது மூளையில கட்டி வந்து. அவருக்கு முதல் வந்தது இதுதான். இல்லாத புகை மணக்கிறது. வீடு எரியுது, வீடு எரியுது எண்டு எழும்பி ஓடுவார். ஒருத்தரும் நம்பேல்லை. பிறகு பேரும் மறந்து, ஆளும் மறந்து போச்சு.”

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு எரியிற புகை மணக்கேல்லை,” என்றார். “தூபம் மணக்குது. பெரிய பூசையில காட்டுற மாதிரி. என்ர மனிசியின்ர செத்தவீட்டில காட்டின மாதிரி. பூசை முடிஞ்சு போய்க் குடிக்கேக்குள்ள மட்டும். கூப்பிடுற மாதிரிக் கிடக்கு.”

டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். ஸ்கானுக்கு நாள் தந்திருக்கிறார்களாம். ஆனால் அவர் அதற்கு முன்னமே முடிவு எடுத்துவிட்டார். ஆள் மறந்துபோன பிறகு லண்டனில் தனிய இருக்க ஏலாது. கோர்க்கில் தங்கையின் மகள் இருக்கிறாள், ஒரு அறை தருகிறாள். அடுத்த மாதம் கவுன்சில் தந்த வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார்.

“அங்க ஆரைத் தெரியும் உங்களுக்கு?”

“இப்ப ஒருத்தரையும் தெரியாது. அதுவும் வசதிதான். ஆரையும் மறக்கத் தேவையில்லை.”

நான் அழுதுவிட்டேன். அவர் என் தோளில் தட்டி, “இதுக்குத்தான் உமக்குச் சொல்லாமல் இருந்தனான்,” என்றார்.

பாரிசில் கழுவிய மூக்கு

பாரிசில் தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். இரண்டு கிழமை நின்றேன். தங்கச்சி வீடு புது அடுக்குமாடி. அவளுக்குச் சாம்பிராணி ஒத்துவராது, மூச்சு முட்டும். மெழுகுதிரி ஏற்றினாலே யன்னலைத் திறப்பாள். உடுப்புக்குப் போடுகிற பூ வாசத் திரவத்தின் மணம்தான் வீடெல்லாம். கல்யாணவீட்டுச் சந்தோசத்திலும் எனக்குப் பாதி மனம் டெனிஸிடமே நின்றது. தங்கச்சிக்குச் சொன்னேன். “உனக்கு ஊரில இருக்கிற கிழடுகள் எல்லாம் மாமாமார்தான்,” என்றாள்.

ஞாயிறு காலை ரயிலில் வந்து, வீட்டுக்குப் போகாமல், பெட்டியையும் இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். இவர் தனியாக நின்று திணறிக்கொண்டிருந்தார். பூசை முடிந்து ஆட்கள் வருகிற நேரம்.

“வந்திட்டீரே! கடவுளே. கீழ போய் ஒரு பெட்டி டொனிக் சோடா எடுத்துக்கொண்டு வாரும்.”

நிலவறைக் கதவைத் திறந்தேன்.

முகத்தில் வந்து அடித்தது சாம்பிராணி.

படியில் அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை போட்ட புகை, ஞாயிறு மத்தியானம். யன்னல் இல்லாத நிலவறை, மூடிய கதவு, எங்கே போகும்? இத்தனை வருடம் அந்தப் படியில் ஏறி இறங்கியவள் நான். ஒருநாளும் எனக்கு அது மணந்ததில்லை. என் தலைமயிரில், சீலையில், கட்டில் விரிப்பில் அதுதானே இருந்தது. அதற்குள்ளேயே இருக்கிற எனக்கு எப்படி மணக்கும்? இரண்டு கிழமை வெளியே நின்று வந்த மூக்குக்குத்தான் மணந்தது.

விளக்கைப் போட்டேன். நரிப் பீப்பா தாங்கியில் படுத்திருந்தது. மேலே மரமுளை. அதற்குப் பக்கத்தில், ஒரு கை நீளத்தில், சுவர்த் தட்டில், தூபக்கால். சாம்பல் இன்னும் உள்ளே இருந்தது.

இது மூச்சு விடும் என்று ஹனா சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

டொனிக் பெட்டியை மறந்து மேலே ஓடினேன்.

“இஞ்சாருங்கோ, பீப்பாவுக்குப் பக்கத்திலயே தூபக்காலை வைக்கிறனீங்கள்?”

“ஓம். அங்கதானே சாமான் கிடக்கு. வேற எங்க காட்டுறது?”

“எவ்வளவு நாளா?”

“உதென்ன கேள்வி? கடை எடுத்த நாளிலயிருந்து.” பிறகு கொஞ்சம் பெருமையோடு, “நரி வந்ததில இருந்து இன்னும் கூடப் போடுறன். உயிருள்ள சாமான் எல்லே.”

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, நிலவறைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, பழைய பீப்பா மூடினது, இது திறந்தது, காற்று உள்ளே போகிறது, வியாழன் திறக்கிறோம், வெள்ளி நீங்கள் புகை போடுகிறீர்கள், ஞாயிறு டெனிஸ் குடிக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கோவில் வாசலில் கேட்டதையும் சொன்னேன். சொல்லாதே என்றவர் மன்னிக்கட்டும்.

இவருடைய முகம் வெளுத்துப்போனது.

“ஐயோ, ஜெசி. ஒரு தாடிக்காரப் பெடியன் போன வெள்ளிக்கிழமை பின்னேரம் புகை வாசம் அருமை எண்டு சொன்னவன். நான் பியருக்குச் சொல்லுறான் எண்டு நன்றியும் சொன்னனான்.”

பாருங்கள். புதிதாய் வந்தவர்களுக்கு அது ருசி. பழையதை அறிந்த ஒரே ஒரு மனுசன், பழுது தன் தலையில் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மிடறு

டெனிஸ் வந்து தன் மூலையில்தான் இருந்தார். முன்னால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. நான் இல்லாத இரண்டு கிழமையும் ஞாயிறுகளில் தேத்தண்ணிதான் கேட்டாராம். கோட்டு கழற்றவில்லை.

அவரிடம் போய் விளக்கம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வியாழக்கிழமை ஹனாவும் விளக்கம்தானே சொன்னாள். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைத்துத் தலையாட்டுவார், கோர்க்குக்குப் போய்விடுவார். சொல் போதாது.

கைப்பம்பை இழுத்து ஒரு அரைக் கிளாஸ் சிவப்பு எடுத்தேன். எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றேன். கோவிலிலிருந்து வந்த ஆட்கள் இரண்டு மூன்று மேசைகளில் இருந்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள். ஜெசி வாயில் வைக்காதவள் என்று தெரிந்தவர்கள்.

அம்மாவையும் மாதாவையும் ஒருதரம் நினைத்துக்கொண்டேன். ஏசமாட்டார்கள் என்று பட்டது.

கிளாசைத் தூக்கிக் குடித்தேன்.

முதலில் குளிர். பிறகு இனிப்பு மாதிரி ஒன்று. பிறகு கைப்பு. அது எல்லாவற்றுக்கும் பின்னால், தொண்டையில், வெள்ளிக்கிழமைக் காலைச் சாம்பிராணி.

“மிஸ்டர் டெனிஸ், புகை மணக்குது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆருக்கு?”

“எனக்கு.”

கோப்பையைக் கீழே வைத்தார். “பகிடி விடாதையும், ஜெசி.”

“பகிடி இல்லை. எனக்கு மணக்குது. தூபம்தான். செத்தவீட்டில காட்டுற மாதிரி.”

அதற்குள் இவர் நிலவறையிலிருந்து தூபக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். வந்த வேகத்தில் சாம்பல் சட்டையெல்லாம் கொட்டியிருந்தது. சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்து டெனிஸின் உள்ளங்கையில் கொட்டினார். “சாரி, சாரி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

டெனிஸ் கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார். மறுபடியும் கிட்ட.

“இதுதான்,” என்றார். “இதேதான்.”

தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அழுதுகொண்டும்தான் இருந்தார், ஆனால் கூடச் சிரிப்பும். அப்போது எனக்கு வந்த நிம்மதி, பிள்ளைகளைப் பெற்ற நாட்களைத் தவிர வேறு எப்போதும் வந்ததில்லை. பொத்தென்று பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். அது அந்த அரைக் கிளாசின் வேலை என்று இவர் பிறகு எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

ஸ்கானுக்கு அவர் போனார், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தலையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை டெனிஸ் கடைக்கு வந்து அப்படியே சொல்லி, தாடிக்காரர்களையும் சிரிக்க வைத்தார். கோர்க்குக்குப் போகவில்லை. சாம்பிராணி இப்போது மேலே மட்டும்தான். ஹனா கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். புகைச் சிவப்பு என்று ஒன்று வடிக்கட்டுமா என்றும் கேட்டாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் அன்றைய ஞாயிறை நான் இன்னும் முடிக்கவில்லை.

டெனிஸ் தொப்பியால் முகத்தைத் துடைத்தார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நான் குடித்து மிச்சம் வைத்த கிளாசைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் வைத்து, நிதானமாக விழுங்கினார்.

பிறகு கிளாசை விரலால் என் கணவர் பக்கம் தள்ளிவிட்டார்.

“கொண்டுபோம் இதை. இது மனுசர் குடிக்கிற சாமானே? பழுதாப்போச்சு.” பழைய குரல், கடை முழுவதும் கேட்டது. “நரிக்குக் கண்ணாடி போடத் தெரியுது, ஒரு கிளாஸ் ஒழுங்காத் தர உங்களுக்குத் தெரியேல்லை.”

இவர் அந்தக் கிளாசை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார்.